பச்சைச் சரிக்குக் கீழே

அண்ணை,

இன்று காலை வேலைக்குப் புறப்படுமுன் உங்கள் போனைச் சார்ஜில் போட்டேன். சற்று நேரத்தில் அது சூடேறி, மண்ணெண்ணெயும் கிறீசும் கலந்த மணம் மேசையெல்லாம் பரவியது. நீங்கள் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. கண்ணாடியை எத்தனையோ தரம் துடைத்துவிட்டேன். ஆனால் சத்தம் வரும் அந்தச் சின்ன ஓட்டைகளுக்குள் மயிலிட்டித் துறைமுகத்து அழுக்கு இன்னும் இருக்கிறது. அதை ஊசியால் கிளறி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், "தங்கச்சி போனுக்குள்ள கடை கட்டுறாள்" என்பீர்கள். அதைவிட நல்லாக நானே சொன்னதில்லை. இணையக் கடைகளில் எந்தப் பக்கத்தில் எது இருக்க வேண்டும், எந்தப் பொத்தான் எங்கே வர வேண்டும், வாங்க வருபவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்று பார்த்து வரைந்து கொடுப்பது என் வேலை. தடுமாறும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. ஒருவர் கையில் போனைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இதைப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். கெட்டிக்காரிதான்.

அந்த மருந்துக் கடைச் செயலியை ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நாலு பேர் கிடைத்தார்கள். ஐந்தாவது ஆளுக்கு நான் உங்களிடம் வந்தேன். நீங்கள் துறைமுகத்துக் கொட்டிலில் ஒரு படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு இருந்தீர்கள். படகுக்காரர் பக்கத்தில் நின்று, நேற்றுவரை நன்றாக ஓடியது, எண்ணெயில்தான் ஏதோ பிழை என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போனதும் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"ஆக்கள் சொல்லுறதைக் கேட்டால் எஞ்சின் திருத்தேலாது பிள்ளை. எஞ்சினைத்தான் கேக்கோணும்."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உங்கள் போனை எடுத்தீர்கள். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்த, ஓரத்தில் வெடித்த சின்னப் போன். நீங்கள் நாளும் விழுங்கும் பிரஷர் குளிசையைத் தெரிவு செய்யச் சொன்னேன், செய்தீர்கள். முகவரியைப் போட்டீர்கள். பச்சை வட்டத்துக்குள் ஒரு சரி அடையாளம் வந்தது. 'உங்கள் கோரிக்கை கிடைத்தது, நன்றி' என்று அதன் கீழே எழுத்து. அந்தப் பச்சையைத் தெரிந்தெடுக்க நான் இரண்டு நாள் செலவழித்திருந்தேன்.

அதற்கும் கீழே இன்னொரு பொத்தான் இருந்தது. டொக்டர் எழுதித் தந்த துண்டைப் படம் எடுத்து அனுப்புவதற்கான பொத்தான். அதை அழுத்தாவிட்டால் கடைக்கு எதுவும் போய்ச் சேராது. என் பெரிய போனில் எல்லாம் ஒரே பக்கத்தில் தெரிந்தது. உங்கள் போனில் அந்தப் பொத்தான் விளிம்புக்குக் கீழே ஒளிந்திருந்தது. உங்கள் பெருவிரல் பச்சைச் சரியோடு நின்றது. நான் பார்த்தேன். அண்ணை, நான் அதைப் பார்த்தேன்.

"கீழே இருக்கிறதும் விளங்கினதோ?" என்று கேட்டேன்.

"ஓம் ஓம். எல்லாம் வடிவா விளங்குது."

எங்கள் ஆட்கள் இப்படித்தான். வீடு தேடி வந்து ஒன்றைக் காட்டுபவரிடம் விளங்கவில்லை என்று சொல்வது அவரை அவமதிப்பது போல. அதுவும் தங்கச்சி செய்தது என்றால் கேட்கவே வேண்டாம். இது எனக்குத் தெரியாததா? முதல் நாலு பேரும் இதே ஓம் போட்டவர்கள்தான். ஆனால் திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். கொப்பியில் 'தடையின்றி முடித்தார்' என்று எழுதினேன். நீங்கள் எனக்குச் சோடா வாங்கித் தந்தீர்கள்.

செயலி வெளிவந்தபோது பெருமை தாங்காமல் நான்தான் சொன்னேன், முழங்கால் நோவோடு இனிப் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டாம் என்று. ஒரு செவ்வாய்க்கிழமை நீங்கள் எனக்குப் போன் எடுத்தீர்கள்.

"குளிசைக்குப் போட்டிட்டன் பிள்ளை. பச்சைச் சரி வந்திட்டுது."

"பாத்தியளே, எவ்வளவு லேசு" என்றேன். உரும்பிராய் வீட்டில் மரக்கறி வெட்டிக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்னேன். துண்டைப் படம் எடுத்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்களிடம் மிச்சம் இருந்தது இரண்டு நாளைக்குரிய குளிசை. ஆறாம் நாள் கொட்டிலில் விழுந்தீர்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். அன்றிரவே போய்விட்டீர்கள். குளிசை நின்றதுதான் காரணமா என்று டொக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம், நிச்சயமாச் சொல்லேலாது" என்றார். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லோடுதான் இப்போது குடித்தனம் நடத்துகிறேன்.

உங்கள் பக்கத்து வீட்டு அக்காதான் மிச்சத்தைச் சொன்னார். "மருந்து இன்னும் வரேல்லையே, தங்கச்சிக்கு ஒருக்கால் சொல்லுங்கோவன் எண்டு நான் சொன்னனான். 'அவள் செய்தது பிழையாப் போகாது, கடைக்காரர்தான் தாமதம். சொன்னால் அவள் அந்தரப்படுவாள்' எண்டு சொல்லிப்போட்டார்."

உங்களில் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? செத்தவரில் கோபப்படக் கூடாதாம். நான் படுகிறேன். என் மனம் நோகக் கூடாதென்று இப்படியா செய்வது?

மறுநாள், நீங்கள் குளிசைக்குப் போட்ட ஏழாம் நாள், உங்களை வீட்டுக்குள் கிடத்தியிருந்தபோது உங்கள் போன் சத்தமிட்டது. யாரோ எடுத்து வந்து, "ஆரோ மெசேஜ் போட்டிருக்கினம், பாருங்கோ" என்று என் கையில் தந்தார்கள். 'ஏதோ ஒன்றை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறதே! உங்கள் கோரிக்கை இன்னும் முடியவில்லை.' கூடவே ஒரு சிரித்த முகம். பாதியில் விட்டுப் போகிறவர்களுக்கு அனுப்புவதற்காக நான் எழுதிய வசனம். வாடிக்கையாளரைத் தொந்தரவு செய்யக் கூடாது, ஒரு கிழமை கழித்துப் போனால் போதும் என்று முடிவு செய்ததும் நான்தான். எல்லோருக்கும் நடுவில் அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அந்தப் பக்கத்தைத் திருத்தினோம். படம் அனுப்பும் வரை பச்சை வராது. அனுப்பாவிட்டால் அரை நாளைக்குள் கடையிலிருந்து யாராவது போன் எடுத்துக் கேட்பார்கள். மொத்தமாக அரை நாள் வேலை அண்ணை, அவ்வளவுதான்.

வேலையை விட நினைத்தேன், விடவில்லை. இப்போது யாரிடம் போனாலும் என் போனை எடுப்பதில்லை. உங்கள் போனைக் கொடுக்கிறேன், அதே பெரிய எழுத்தோடு. விளங்குகிறதா என்று கேட்பதை நிறுத்திவிட்டேன்.

இன்று உடுப்பிட்டியில் ஒரு அம்மாவிடம் கொடுத்தேன். வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்தவர், கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். இது வேறொரு கடை, வேறொரு பக்கம். இருந்தும் அவருடைய பெருவிரல் ஓரிடத்தில் நின்றது. "எல்லாம் விளங்குது பிள்ளை, வடிவாச் செய்திருக்கிறியள்" என்று போனைத் திருப்பி நீட்டினார்.

நான் கை நீட்டவில்லை. நன்றியும் சொல்லவில்லை. மரியாதை கெட்டவள் என்று நினைத்திருப்பார். அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நான் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கோவிக்காதையுங்கோ பிள்ளை" என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "எனக்கு இது ஒண்டும் விளங்கேல்லை."

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். பாவம், தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டோம் என்று அந்த மனுசி பயந்துபோனார்.