மூன்றாவது டின்

நவம்பர் 18, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது, கூலாய் தொழிற்பேட்டை முழுக்க. ஆய்வுக்கூடக் குளிர்பெட்டிகளுக்கு ஜெனரேட்டர் போட வேண்டும். போடுவது யார்? நான். பட்டதாரிகள் ஆறு பேர், ஒருவருக்கும் கயிற்றை இழுத்து அதைக் கிளப்பத் தெரியாது. பெட்ரோல் ஊற்றும்போது டேங்க் வாயோரம் வழிந்தது. துடைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கூரியர் லோரி. தங்காக் துணிக்கடைத் தீ, இன்சூரன்ஸ் கேஸ். நான்கு டின், உள்ளே கருகிய தரைவிரிப்பும் துணியும்.

"அண்ணே, சீக்கிரம் லா! பின்னால ஒருத்தன் ஹார்ன் அடிச்சே கொல்றான்."

மூன்றாவது டின் மூடி சரியாக உட்காரவில்லை. திறந்து, விளிம்பில் இருந்த கரியைத் துடைத்து, ரப்பர் சுத்தியலால் நான்கு தட்டு. இனி காற்றுகூட நுழையாது.

மழையில் ஓடி வாங்கியது நான். 'பெற்றுக்கொண்டவர்' என்று கையெழுத்துப் போட்டது ஜெசிந்தா. சிகாமட் ஊர்ப் பெண், வயது இருபத்து நான்கு, நுழைவுநிலை ஆய்வாளர், வந்து நான்கு மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இனி ஜெ. என்று எழுதினால் போதும். முழுப் பெயர் எழுத மை வீண். படிவத்தில் என்னைப் போன்ற அட்டெண்டண்டுக்குக் கட்டம் கிடையாது. முப்பத்தொரு வருடமாகக் கிடையாது. எத்தனை ஆயிரம் டின், பாட்டில், பொட்டலம் இந்தக் கையால். ஒரு கோப்பிலும் என் பெயர் இல்லை.

வாங்க: பிரஷர் மாத்திரை. குளியலறை பல்ப். பார்வதிக்கு முழங்கால் தைலம்.

நவம்பர் 19, புதன்

வெயில். கண் கூசுகிறது.

மேசை இழுப்பறையில் வேறு எதையோ தேட, ஜூன் மாத விளம்பரம் கையில் அகப்பட்டது. ஜெ. உட்கார்ந்திருக்கும் வேலைக்கு. நானும் விண்ணப்பித்தேன், அறுபத்தாறு வயதில். சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும். இங்கே எழுதி வைக்கிறேன்:

வேதியியல் அல்லது தடயவியலில் பட்டம். — இல்லை. எஸ்டேட்டிலிருந்து போய்ப் படித்தது மூன்றாம் படிவம், ஒன்பதாம் வகுப்பு வரை.
கருவிகளைக் கையாளும் அடிப்படை அறிவு. — கருவி வந்த பெட்டியைப் பிரித்தவனே நான். கையேடு 212 பக்கம், ஆங்கிலம். அகராதியோடு பஸ்ஸில் போக வர எட்டு மாதம் படித்தேன்.
நிறக்குருடு கூடாது. — இல்லை.
நீதிமன்றத்தில் சாட்சி சொல்லத் தயாராக இருக்க வேண்டும். — பெட்டி தூக்கிக்கொண்டு எத்தனை முறை போயிருக்கிறேன். வெளியே பெஞ்சில்.
துல்லியமான குறிப்பெடுக்கும் பழக்கம். — இந்த நோட்டைக் காட்டவா? பக்க எண் உண்டு. கிழிப்பதில்லை. பிழையென்றால் ஒரே கோடு, பக்கத்தில் கையொப்பம். காலி இடத்துக்குக் குறுக்குக் கோடு.
அனுபவம் தேவையில்லை.

கடைசி வரியைத்தான் மறக்க முடியவில்லை.

மேலாளர் லிம் விண்ணப்பத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அங்கிள், கெர்த்தாஸ் மானா?" காகிதம் எங்கே, அதாவது சான்றிதழ் எங்கே என்று மலாயில் கேட்டார். இந்த மனுஷனுக்கு அந்தக் கருவியில் ஊசி மாற்றக் கற்றுக்கொடுத்தது நான்.

ஜெ. நேற்றே டின்களுக்குள் கரித்துண்டு தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றிவிட்டாள். பதினாறு மணி நேரம். உள்ளே எரிபொருள் ஆவி இருந்தால் கரி பிடித்துக்கொள்ளும். இன்று இறக்கினாள், நாளை கருவியில் ஓட்டுவாள்; என்ன ஆவி என்று வரைபடத்தில் கூர்கூராக வரும், லேசானது முன்னால். அவளுடைய நோட்டில் அரைப் பக்கம் காலி, கோடு போடவில்லை. பார்த்தேன். சொல்லவில்லை. எனக்கென்ன.

மாலை வீட்டில் பார்வதி சண்டை.

"பேண்ட் பின் பாக்கெட்ல ஒரு கந்தத் துணி. பெட்ரோல் நாத்தம் கொடலப் புடுங்குது. நீங்க லேப்ல வேல பாக்கிறீங்களா, மோட்டார் ரிப்பேர் பெங்கேல்லயா?"

"ஜெனரேட்டர் யாரு போடுவா?"

"அத எதுக்கு என் சேலையோட ஊறப் போடணும்?"

தைலம் வாங்க மறந்துவிட்டேன். அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நவம்பர் 20, வியாழன்

மேகமூட்டம். இன்று நல்ல நாள்.

காலை, வாயு சிலிண்டர் மாற்றப் போனேன். ஜெ. திரையில் தங்காக் வரைபடங்கள். 1, 2, 4: ஒன்றுமில்லை. 3: பெட்ரோல், சந்தேகமே இல்லை. ஆனால் முன்வரிசைக் கூர்கள் எல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. பெட்ரோலில் லேசானதுதான் முதலில் ஆவியாகும். தீயில் கிடந்த பெட்ரோலுக்கு முன்வரிசை தேய்ந்து போயிருக்கும். இது நெருப்பையே பார்க்காத பெட்ரோல். பம்பிலிருந்து பிடித்த மாதிரி.

ஜெ. பத்து நிமிடம் பார்த்தாள். நோட்டில் ஏதோ கிறுக்கினாள். தெரியவில்லை! பட்டம், மோதிரம் மாதிரி போட்டுக்கொள்ள மட்டும்தான்.

திட்டம்: 'பெட்ரோல் உண்டு' என்று அவள் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதுவரை வாய் திறப்பதில்லை. பிறகு அந்த வரைபடத்தை லிம் மேசையில் வைத்து முன்வரிசையை விரலால் காட்டுவேன். கெர்த்தாஸ் இதோ, பாருங்கள் என்பேன். அவளை வீட்டுக்கு அனுப்பட்டும். சிகாமட்டில் வெள்ளம் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும்.

மதியம் இரண்டு தட்டு சோறு.

நான்கு மணிக்கு அவளே வந்தாள்.

"மணியம் அங்கிள், மூணாவது டின் மூடி தொறந்திருந்துச்சா?"

"எனக்கென்னம்மா தெரியும். நான் குப்ப கொட்டுற ஆளு."

"அப்படிச் சொல்லாதீங்க அங்கிள். மத்த மூணுலயும் விளிம்புல கரி அப்படியே இருக்கு. இதுல மட்டும் தொடச்ச மாதிரி இருக்கு."

"தங்காக்ல போயி கேளு."

"கேட்டுட்டேன். சாம்பிள் எடுத்தவரு, லோரிக்காரரு, ரெண்டு பேரும் தொடலயாம். ஒங்ககிட்டதான் கடைசியா வந்தேன்."

"ஏன் கடைசி?"

"நீங்க கை வச்சா தப்பே வராதுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்களே."

தொடவில்லை என்றேன். அட்டெண்டண்ட் டின்னைத் திறக்கக் கூடாது என்பது விதி. திறந்தேன் என்று இவளிடம் சொல்லிப் பேச்சு வாங்கவா? மூடி தட்டியதில் என்ன குற்றம். தட்டாமல் விட்டிருந்தால் ஆவி போயிருக்கும். நன்றி சொல்ல வேண்டியவள்.

நவம்பர் 21, வெள்ளி

விடாத மழை. தைலம் வாங்கியாயிற்று.

கடைக்காரர் நேரில் வந்துவிட்டார், தங்காக்கிலிருந்து. ராமையா, என் வயதுதான் இருக்கும், குடை ஒழுகி முகப்பு மேசையெல்லாம் தண்ணீர். கேஸ்காரர்களை உள்ளே விடுவதில்லை. துடைப்பம் எடுத்துப் போன என்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டார்.

"சார், நானே கொளுத்திட்டேன்னு சொல்றாங்க சார். தீபாவளி முடிஞ்சும் சரக்கு தேங்கிக் கெடந்துச்சாம், அதான் வச்சிட்டேனாம். மிச்சம் பொங்கலுக்குப் போயிரும் சார். வருசா வருசம் அப்படித்தான்."

"ரிப்போட் வந்ததும் தெரியும். போங்க."

"பெட்ரோல் கெடச்சா போலீஸ்ல குடுப்போம்னு இன்சூரன்ஸ் ஆளு சொல்றாரு. கடையில ஊதுபத்திகூட கொளுத்த மாட்டேன் சார், சேல நாறும்னு. பெட்ரோல் எங்கேருந்து சார் வரும்?"

போய்விட்டார். மேசையைத் துடைக்க வழக்கம்போல் பின் பாக்கெட்டில் கை விட்டேன். துணி இல்லை. பார்வதி தூக்கி எறிந்துவிட்டாள். பெட்ரோல் நாற்றம் என்று.

அப்படியே நின்றேன்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டின் 41ஆம் பக்கம். 'வாயோரம் வழிந்தது. துடைத்தேன்.' அதற்குக் கீழே, 'விளிம்பில் இருந்த கரியைத் துடைத்து.'

ஒரே துணி. என் கையெழுத்தில், மையில், தேதியோடு.

நெருப்பையே பார்க்காத பெட்ரோல் என்று நேற்று எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 22, சனி

விடுமுறை. மழையா வெயிலா, கவனிக்கவில்லை.

படிவத்தில் எனக்கு ஒரு கட்டம் இருந்திருந்தால் இது ~~நடந்திருக்காது~~ (சு.ம.). காலையில் எழுதியது, இப்போது அடித்தேன். கட்டம் இருந்திருந்தாலும் துடைத்திருப்பேன். முப்பத்தொரு வருடமாகப் பின் பாக்கெட்டில் துணி. எத்தனை விளிம்பு துடைத்திருக்கிறேனோ. அதை யோசிக்கப் போவதில்லை.

திங்கள் அறிக்கை போகும். ஜெ. எழுதினாலும் எழுதாவிட்டாலும் லிம் போட்டுவிடுவார். நேற்று தொலைபேசியில் இன்சூரன்ஸ் ஆளிடம் சொன்னது காதில் விழுந்தது: "சத்து டின் சுக்குப் லா." ஒரு டின் போதுமாம்.

வாயை மூடிக்கொண்டால்: ராமையா போலீஸ் ஸ்டேஷனில். நான் வழக்கம்போல் வேலைக்கு.
சொன்னால்: நான் வீட்டில். அதோடு, தொடவில்லை என்று அந்தப் பெண் முகத்தைப் பார்த்துச் சொன்னதும் வெளியே வரும்.

"சோத்துல கைய வச்சிக்கிட்டு யார்கூட சண்ட போடுறீங்க?" என்றாள் பார்வதி.

"யார்கூடவும் இல்ல."

"அப்போ சாப்பிடுங்க. மீனு ஆறிப்போச்சு."

நவம்பர் 23, ஞாயிறு

பல்ப் மாற்றினேன். வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 24, திங்கள்

தூறல். ஏழே முக்காலுக்கே போய் ஜெ. வரும்வரை நின்றேன். சொன்னேன். துணி, ஜெனரேட்டர், மூடி, நான்கு தட்டு. மன்னிப்புக் கேட்கவில்லை. நடந்ததை மட்டும், வரிசையாக.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தன் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். 'டின் 3: புதிய பெட்ரோல், ஆவியாகாதது. தீயில் இருந்ததாகக் கொள்ள முடியாது. மாதிரி கையாளப்பட்ட விதம் விசாரிக்கப்படும் வரை அறிக்கை இல்லை.' வியாழன், காலை 10.40. நான் சிலிண்டர் மாற்றிக்கொண்டு மனதுக்குள் குதித்துக்கொண்டிருந்த அதே நேரம். அரைப் பக்கக் காலியிடத்துக்கும் கோடு போட்டிருந்தாள்.

ஆக, என் திட்டம் அன்றைக்கே செத்துப்போனது. தெரியாமல் இரண்டு தட்டு சோறு தின்றிருக்கிறேன்.

லிம் நீளமாகப் பேசவில்லை. "ரெஹாட் டுலு, அங்கிள்." ஓய்வெடுங்கள் என்று அர்த்தம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் அர்த்தம். மூன்றாவது டின்னைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்ற மூன்றிலும் எரிபொருள் இல்லை என்று அறிக்கை போகிறது. ராமையாவுக்கு யாரும் காரணம் சொல்லப் போவதில்லை. தேவையுமில்லை.

ஜெ. புதுப் படிவம் தட்டச்சு செய்தாள். 'மாதிரியைத் திறந்தவர்' என்று புதிதாக ஒரு வரி.

"முழுப் பேரு சொல்லுங்க அங்கிள்."

சொன்னேன். அப்பா பெயரோடு.

"தகுதிக்கு என்ன போட?"

"இல்லன்னு போடு."

"முப்பத்தொரு வருசம்னு போடலாமே அங்கிள்."

"அனுபவம் தேவையில்லன்னு நீங்கதானம்மா விளம்பரம் போட்டீங்க. இல்லன்னு போடு."

போட்டாள். கேஸ் எண்ணுக்கு நேர் கீழே என் பெயர், கறுப்பு மையில், முதல் தடவையாக.

பிறகு இந்த நோட்டு. துடைத்த அன்றே எழுதிய சாட்சி இது ஒன்றுதான் என்று நான் சொன்னதும் கையை நீட்டினாள்.

"நாப்பத்தொண்ணாம் பக்கம் மட்டும் போதும். காப்பி எடுத்துக்கிறேன்."

"காப்பி செல்லாது. அசல் வேணும்னு உனக்குத் தெரியாதா?"

"அப்போ அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சு..."

"கிழிக்க விடமாட்டேன்."

"முழு நோட்டும் கோப்புக்குப் போயிரும் அங்கிள். நான் எல்லாத்தையும் படிக்க வேண்டியிருக்கும்."

"படி."

உறை எடுக்கப் போயிருக்கிறாள். 43ஆம் பக்கத்தில் அவளைப் பற்றி எழுதியது அப்படியே இருக்கிறது. வெள்ளம், மோதிரம், எல்லாம். அடிக்கவில்லை. அடித்தாலும் ஒரே கோடுதான், கீழே இருப்பது படிக்கத் தெரியும்.

காலடி கேட்கிறது. இதற்குப் பிறகு ஐம்பத்திரண்டு பக்கம் காலி. எல்லாவற்றுக்கும் குறுக்குக் கோடு போட்டாக வேண்டும். இந்தப் பக்கத்தின் மீதிக்கும். சு.ம., 24/11, காலை 11.20.