காத்து வரல

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

உறையைப் பார்த்ததும் உனக்குப் பகீரென்றிருக்கும். இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள், ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். ஒன்றும் நடக்கவில்லை. நடக்க வேண்டியதெல்லாம் போன கோடையிலேயே நடந்து முடிந்துவிட்டது. அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார், கைத்தடியோடு ஜன்னல்வரை நடக்கிறார். நானும் நலம். எடை மட்டும் கூடியிருக்கிறது. படியேறும்போது நான் வருவதற்கு முன்பே என் முழங்கால் சத்தம் மாடிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். புது வீட்டுக்குச் சாமான் மாற்றிய களைப்பு தீர்ந்ததா?

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், நம் வீட்டுப் போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அப்பா நாற்காலியில் இருக்கிறார். பேச்சுதான் போயிற்று, காது பாம்புக்காது. சமையலறையில் நான் முணுமுணுத்தால் கூடத்திலிருந்து முறைப்பு வருகிறது. அதனால் இதை க்ளினிக்கில் என் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியான நேரம். நோயாளிகள் யாருமில்லை. பல் டாக்டர் உள்ளே நோயாளி நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். மேல்வரிசையில் இரண்டு சொத்தை. யார் சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதாய். பத்திரிகையில் அப்பாவின் புதுக் கவிதைகள் மூன்றைப் படித்தேன், அப்பா மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார், இனிமேல் கவலையில்லை என்றாய். இந்த வருடம் வருவதாக இருந்ததை அடுத்த வருடம் நிதானமாக வைத்துக்கொள்கிறேன் என்றாய். அந்தக் கவிதைகளைப் புத்தகமாகப் போடப் பதிப்பாளர் உன் ஒப்புதலைக் கேட்டிருக்கிறார், இந்த வாரம் சரியென்று எழுதிவிடுவேன் என்றும் சொன்னாய். நான் "சரிம்மா, சரிம்மா" என்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறென்ன சொல்ல?

புத்தக விஷயம் எல்லாம் உன் கையில்தான் என்று அப்பா என்றைக்கோ எழுதி வைத்துவிட்டார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. கவியரங்கத்தில் மனிதர் "மலையைத் தோளில் சுமந்து வந்தேன்" என்று உருகும்போது, அன்று காலை அரிசி மூட்டையை மாடிக்குத் தூக்கமாட்டாமல் அவர் நடுப்படியில் உட்கார்ந்தது ஞாபகம் வந்து சிரித்துத் தொலைத்தவள் நான். என்னை நம்பி யார் கவிதையை ஒப்படைப்பார்கள்?

ஆனால் அவை கவிதைகள் இல்லையடி.

பக்கவாதம் வந்த சமயம் நீ ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் போனபோது அவருக்கு வாயில் ஒரு சொல்லும் இல்லை. நீ போன பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. வந்ததெல்லாம் மழை, மரம், ஆறு, மண், காற்று. தண்ணீர் என்ற சொல் வரவில்லை. சட்டை, செருப்பு, சோறு வரவில்லை. என் பெயரும் வரவில்லை, உன் பெயரும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண், சார் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டாள். கவிதை எழுதுவார் என்றேன். எதைப் பற்றி என்றாள். "மரம், செடி, மழை, நடுநடுவுல மனுஷங்க" என்றேன். அதிகம் புழங்கின சொற்கள் தங்கியிருக்கின்றன என்றாள். நடுநடுவில் இருந்தவர்கள்தான் போய்விட்டோம்.

இருக்கிற அந்தச் சில சொற்களை வைத்துத்தான் அவர் குடும்பம் நடத்துகிறார். "மண் போடு" என்றால் பசிக்கிறது என்று அர்த்தம். என் சமையலைப் பற்றி இத்தனை வருடம் மனதுக்குள் வைத்திருந்த விமரிசனம் இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. "நிலா" என்றால் கீழ்வீட்டுத் தையல்காரர், அவருடைய வழுக்கையைப் பார்த்துச் சொல்வது. தையல்காரர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ, "அக்கா, என் பொண்டாட்டிகூட இதுவரைக்கும் என்னை இப்படிக் கூப்பிட்டதில்ல" என்று பூரித்துப் போனார். போனில் உன்னிடம் "மழையா, மழையா" என்று கேட்பாரே, நீயும் "இங்க நல்ல வெயில்ப்பா" என்று சொல்வாயே, அது சாப்பிட்டாயா என்ற கேள்வி. இல்லை, உடம்பு எப்படி இருக்கிறது என்றும் இருக்கலாம். அதில் மட்டும் எனக்கு இன்னும் சந்தேகம்.

இப்போது பேராசிரியர் கதை. உனக்கு அவரைத் தெரியும், அப்பாவின் கல்லூரித் தோழர், நம் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு அதைக் குறை சொல்வதற்கென்றே வருபவர். வாரம் தவறாமல் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்காருவார். ஒருநாள் அப்பா அவசரமாகத் தடியைத் தட்டி, "ஆறு வருது, ஆறு வருது" என்றார். அது பாத்ரூம். நான் ஓடி வந்தேன். பேராசிரியர் கையை உயர்த்தி, "இரும்மா, தடுக்காதே, வருது" என்று என்னை நிறுத்தினார். நானும் "வருதுன்னுதாண்ணா சொல்றாரு, விடுங்க" என்றேன். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னோம். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுப்பதற்குள் ஆறு வந்தேவிட்டது. பத்திரிகையில் நீ படித்த முதல் கவிதை அதுதான். காலம் என்னும் வெள்ளம் முதுமையின் வாசலில் வந்து நிற்கிறது என்று கீழே குறிப்பு வேறு. நான் அன்று தரையைத் துடைத்த துணியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

இரண்டாவதில் அப்பா தன் வலது கையை இடது கையால் தொட்டு "மரம்" என்கிறார். மனிதனும் இயற்கையும் ஒன்றாகும் கணம் என்று பேராசிரியர் எழுதியிருக்கிறார். புத்தகத்துக்கு அவர் எழுதிவரும் முன்னுரையின் தலைப்பே 'இறுதிக் கவிதைகளில் இயற்கையும் மனித வாழ்வும்' என்பதுதான். எங்கள் க்ளினிக்கில் ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, உதட்டைத் தட்டிப் பார்த்து எல்லோரும் சொல்வதைத்தான் அப்பாவும் சொன்னார். கை மரத்துப் போயிருக்கிறது. சொல்லின் பின்பாதி அவருக்கு வரவில்லை, அவ்வளவுதான். முன்பாதி மட்டும் கிளை விட்டு நிற்கிறது.

மூன்றாவது, நீ படித்து அழுதது. 'காற்று வரவில்லை'. அப்பா சொன்னது "காத்து வரல". போன மாதம் முழுக்க அதுதான். எழுந்ததும் காத்து வரல, சாய்ந்ததும் காத்து வரல. நான் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். மனிதருக்குக் குளிரெடுத்துப் பல் கிட்டியது, போர்வையைப் போர்த்தினேன், போர்வைக்குள்ளிருந்தும் காத்து வரல என்றார். மூச்சுத் திணறலோ என்று அப்பாவைப் பார்க்கிற டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "காத்து நல்லா வருதேம்மா" என்றார். பேராசிரியர் நகரத்தின் புகையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். பிறகு ஒரு ஞாயிறு போன் அடித்தது. நீதான். வீடு மாற்றுகிற வேலையில் கூப்பிடவே முடியவில்லையம்மா என்று ஆரம்பித்தாய். ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டதும் அப்பா போனைக் காட்டி, என் கையைப் பிடித்து இழுத்து, "காத்து" என்றார். "காத்து, காத்து."

அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், இரண்டு பேரும் அழுது வைப்பீர்கள் என்று தோன்றியது. பேராசிரியரிடம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "அப்ப இது இன்னும் பெரிய கவிதைம்மா" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் மோசமானவர் இல்லை. தன் சிநேகிதன் இனி எழுதமாட்டான் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. பத்திரிகை வந்த நாளில் அப்பாவுக்கு நல்ல சட்டையைப் போட்டு உட்காரவைத்து, மூன்றையும் உரக்கப் படித்துக் காட்டினார். முதல் இரண்டுக்கும் அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். மூன்றாவதைப் படித்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்றார் பேராசிரியர். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஒரு வரியில் மரம் என்று போடுவதா, மரங்கள் என்று போடுவதா என்று வீட்டையே இரண்டாக்கிய மனிதர் உன் அப்பா. நீ பரீட்சைக்குப் படிக்கிறாய், கத்தாதீர்கள் என்பேன். "ஒருமையா பன்மையாங்கறது உனக்கு விளையாட்டா?" என்று அதற்கும் கத்துவார். கவிதையில் இருந்ததெல்லாம் அவர் பொறுக்கி எடுத்த சொற்கள். இப்போது வருவது அவருக்கு மிச்சமிருக்கிற சொற்கள். இந்த வித்தியாசம் எனக்கே தெரிகிறதென்றால் உனக்குத் தெரியாமல் போகாது.

இதில் எனக்கும் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். புத்தகம் வேண்டாமென்றால் பேராசிரியரின் வரவு குறைந்துவிடும். பத்திரிகை பார்த்துவிட்டு வருகிற நாலு பேரும் நின்றுவிடுவார்கள். யாராவது வந்தால் அப்பா நிமிர்ந்து உட்காருகிறார், தலை வாரச்சொல்லி ஜாடை காட்டுகிறார். ஆளே வராத வீட்டில் நானும் அவரும் தையல்காரரின் தலையும்தான். வேண்டும் என்றால் பொய், வேண்டாம் என்றால் வெறும் வீடு. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன், எந்தப் பக்கமும் வலிக்கவில்லை. அதுதான் எனக்கு விநோதமாக இருக்கிறது.

இங்கே ஊசி போட்டு அனுப்பும்போது ஒவ்வொருவரிடமும் நான் சொல்வது ஒன்று உண்டு. மரமரப்பு விடுகிறவரை எதையும் மெல்லாதீர்கள், கன்னத்தை நீங்களே கடித்துக்கொள்வீர்கள், தெரியாது, அப்புறம்தான் ரத்தம் பார்ப்பீர்கள். நாள் முழுக்கச் சொல்கிறேன். வீட்டுக்குப் போய் எல்லாவற்றுக்கும் ஒரு ஜோக் அடிக்கிறேன். கோடையிலிருந்து நான் ஒருமுறைகூட அழவில்லை என்று நேற்றுத் துணி மடிக்கும்போது தோன்றியது. தோன்றியதே தவிர, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. துணியை மடித்து வைத்தேன்.

அதனால் பதிப்பாளருக்கு இப்போது எதுவும் எழுதாதே. சரியென்றும் வேண்டாம், முடியாதென்றும் வேண்டாம். உனக்கு வேலை இருக்கிறது, வீடு புதிது, டிக்கெட் கிடைக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அடுத்த வருடம் என்று சொன்னாயே, அதைக் கொஞ்சம் முன்னால் இழுக்க முடியுமா பார். ஒரு வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய். புத்தகமாகவே போட்டாலும் நான் குறுக்கே வரமாட்டேன்.

எதுவும் வாங்கி வராதே. கதவைத் திறந்ததும் அப்பா உன்னைப் பார்த்து ஏதாவது சொல்வார். அழகாகத்தான் இருக்கும், உன் கையும் பேனாவைத் தேடும். தயவுசெய்து எழுதி வைக்காதே. அவர் இந்த வீட்டுக்குள் இருக்கிற ஏதோ ஒன்றைக் கேட்கிறார். என்னோடு சேர்ந்து தேடு. நான் ஒருத்தியாகத் தேடுகிறேன்.

டாக்டர் விழித்துவிட்டார். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும்
அம்மா