இரண்டாவது சி.டி.யில் ஏழாவது பாட்டு

புது அச்சின் மை வாசனை இன்னும் என் விரலில் இருக்கிறது. வியாழக்கிழமை கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்தபோது ஒட்டிக்கொண்டது. உள்ளே நம் ஆல்பம். பதினோரு வருஷம் கழித்து 'கரண்ட் போன நேரம்' விரிவுபடுத்திய மறுபதிப்பாக வரப்போகிறது. கெட்டி அட்டை, பாட்டு வரிகளோடு ஒரு சிறு புத்தகம், ஒன்றுக்கு இரண்டு சி.டி. அன்று நீயும் நானும் செல்வினும் தரையில் உட்கார்ந்து ஜெராக்ஸ் அட்டையை மடித்து மடித்துச் செருகினோமே, அதே ஜெராக்ஸ் படத்தைப் பளபளவென்று அச்சடித்திருக்கிறார்கள், செல்வின் சாயா கொட்டிய கறை உட்பட. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

இது மாதிரிப் பிரதி. நான் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மீதி அச்சாகும். சென்னையில் அருண் என்று ஒரு பையன் இதைச் செய்கிறான். நம் ஆல்பம் வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தானாம். எவனோ இணையத்தில் ஏற்றிவைத்ததைக் கேட்டுக் கேட்டுப் பைத்தியமானவன். முதல் சி.டி.யில் பழைய ஆல்பம் அப்படியே இருக்கிறது. இரண்டாவதில் ஒத்திகை, பாதியில் நின்றது, விட்டுப்போனது என்று ஏழு பாட்டு. அந்த ஏழாவதன் பெயரை இரண்டு தடவை படித்தேன்.

'வெள்ளம் வருது. இதுவரை வெளிவராத பாடல்.'

நீ என்னை அழிக்கச் சொன்ன பாட்டு. அழித்துவிட்டேன் என்று நான் உன்னிடம் சத்தியம் பண்ணிய பாட்டு.

அவனிடம் அது எப்படிப் போனது என்றா கேட்கிறாய்? நான்தான் அனுப்பினேன். அலமாரியில் கிடந்த பழைய சி.டி.களைப் பிஸ்கட் டப்பாவோடு அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டேன். அதில் ஒன்றின் மேல் வெறும் 7 என்று மட்டும் எழுதியிருந்தது; அன்று நம் ஆல்பத்திலும் அது ஏழாவதாகத்தான் இருந்தது. மறந்து அனுப்பினேனா, தெரிந்தே அனுப்பினேனா என்று நாலு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறந்துதான் என்று சொல்லிக்கொள்கிறேன். நம்பத்தான் முடியவில்லை.

நம் குழுவுக்குச் 'சக்கைமடல்' என்று நீ பெயர் வைத்த அன்று என் அம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "பலாப்பழத்தத் தின்னுட்டு வெளிய எறியுததுக்கா பேரு வைப்பாவ? மாடுதான் வந்து கேக்கும்." நீ உடனே, "கேக்கட்டு மாமி, மாடாவது கேக்கட்டு" என்றாய். சபையில் பாடகர் குழுவுக்கு பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டு ஒழுங்காக இருந்தவள் நான். கல்லூரியில் உன் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததோடு என் ஒழுங்கு போயிற்று. குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து பஸ் மாறி மாறி வருவாய். வந்ததும் வராததுமாகக் கத்துவாய்: "நாலு கம்பிக்கு இவ்வளவு யோசனையா ஏட்டி? அடி!"

மார்த்தாண்டம் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த ஸ்டுடியோவில் எந்நேரமும் பக்திப் பாட்டுதான் பதிவாகும். நம் முதல் பாட்டைக் கேட்டுவிட்டு ஸ்டுடியோக்கார அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா எதுக்கு இந்தக் கோவம்?" என்று கேட்டார். நீ மறுபடி முதலிலிருந்து பாடினாய், இன்னும் கோபமாக.

ஏழாவது பாட்டில் மட்டும் கோபம் கிடையாது. உங்கள் தெருவின் கீழ்க்கோடியில், கடலைப் பார்த்தபடி இருந்த பொதுக்குழாயில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். முதலில் பார்க்கிற பிள்ளை, "வெள்ளம் வருது!" என்று கத்தும். அடுத்த நொடி தெரு முழுக்க அதே கூச்சல், வீட்டுக்கு வீடு குடம் உருளும் சத்தம். அதைப் பதிவு செய்ய ஒரு டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நாம் காத்துக் கிடந்தோம். அன்று குழாயைப் பார்த்து முதலில் கத்தியது உன் தங்கை ஷைனி. பதினாறு வயது. "வெள்ளம் வருது! கொடத்த எடுங்கலே!" என்று கத்திவிட்டு, ரிக்கார்டரைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். என் பேஸ் ஒரே சுரத்தில் சொட்டுச் சொட்டாக நடக்கும். அவள் கத்தியதும் உன் கிட்டார் உடைத்துக்கொண்டு பாயும். நாம் செய்ததிலேயே நல்ல பாட்டு அது. அந்தத் திமிர் எனக்கு அன்றும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அருணுக்கு போன் செய்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, ஏழாவது பாட்டு கேட்டதும் புல்லரிச்சிடுச்சு. அது சுனாமி அன்னைக்குப் பதிவு பண்ணதா? அந்தக் குழந்தைங்க அலறுறதைக் கேட்டு நான் அழுதுட்டேன்."

அப்போதுதான் சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். 'பேரழிவின் நடுவே எழுந்த குழந்தைகளின் ஓலம்' என்று எழுதி வைத்திருந்தான்.

"தம்பி, அவங்க அலறலை. சிரிக்கிறாங்க."

"சிரிக்கிறாங்களா? வெள்ளம் வருதுன்னா?"

"எங்க ஊர்ல வெள்ளம்னா குடிக்கிற தண்ணி. பைப்புல தண்ணி வந்தா அப்படித்தான் கூப்பிடுவோம்."

பிறகு மெதுவாகச் சொன்னான். "போன வருஷ வெள்ளத்துல நாங்க ரெண்டு நாள் மொட்டை மாடியில இருந்தோம் அக்கா. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு. எழுதினதை மாத்திடுறேன். பாட்டை மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க. திங்கட்கிழமை பிரஸ்ஸுக்குப் போகணும்."

அவன்மேல் கோபப்பட எனக்கு வாய் ஏது? அதே வார்த்தை நம்மை என்ன செய்தது என்று அவனுக்கு நான் சொல்லவே இல்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பண்டிகைப் பதிவெல்லாம் முடிந்து ஸ்டுடியோ சும்மா கிடந்தது. கிறிஸ்துமஸ் சாயங்காலமே வந்துவிடு, ஞாயிறு காலையில் ஏழாவது பாட்டை முடித்துவிடலாம் என்று நான்தான் உன்னைப் பிடுங்கி எடுத்தேன். "ஞாயித்துக்கிழம வெள்ளம் எடுக்கது என் முறையாக்கும். அம்ம ஏசும்" என்றாய். நான் என்ன சொன்னேன்? "ஒரு நாளு ஷைனி எடுக்கட்டு." என் நாக்கு அழுகிப்போக. அதைத்தான் சொன்னேன்.

நீ வந்தாய். ஞாயிறு காலையில் ஆராதனைக்குக்கூடப் போகாமல் இருவரும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, ஷைனியின் குரலைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். "இன்னும் கொஞ்சம் கூட்டு, அவ கத்துனது பத்தாது" என்று நீ சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் செல்வின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். கடல் ஊருக்குள் ஏறிவிட்டது என்றான். நமக்குப் புரியவே இல்லை. கடல் எப்படி ஏறும்?

மற்றது உன் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். ஓடியவர்களில் சிலர் "கடலு வருது" என்று கத்தினார்கள், சிலர் "வெள்ளம் வருது" என்று கத்தினார்கள். அடுக்களையில் இருந்த ஷைனியின் காதில் விழுந்தது இரண்டாவதுதான். அன்று அவள் முறை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லோரும் மேலே ஓடிவர, அவள் மட்டும் குழாயைப் பார்த்துக் கீழே இறங்கியிருக்கிறாள். "நான் கூப்பிட்டேன் மக்கா, திரும்பிப் பாத்துச் சிரிச்சா. அவள நிறுத்திட்டு நான் வரிசையில முந்தப் பாக்கேன்னு நெனச்சிருப்பா" என்று அந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள்தான் ஷைனியை எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து நீ ஸ்டுடியோவுக்கு வந்தாய். உட்காரக்கூட இல்லை.

"ஏழாவத அழிச்சிரு ஏட்டி. எனக்க கண்ணுக்கு முன்னால அழி."

கரண்ட் இல்லை. கம்ப்யூட்டரைப் போட வழியில்லை. வாசலில் நின்றபடி அரை மணி நேரம் காத்திருந்தாய். அதற்குமேல் உன்னால் நிற்க முடியவில்லை. "வந்த ஒடனே அழிக்கணும். சத்தியம் பண்ணு" என்றாய். உன் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரில் இருந்ததை அழிக்கவும் செய்தேன். ஆனால் அதற்கு முன் ஒரு சி.டி.யில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஷைனியின் குரலாயிற்றே என்றுதான் வைத்தேன் என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவ்வளவு நல்ல பாட்டைப் போக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். மறுநாள் உன்னிடம், "அழிச்சாச்சு" என்றேன். நீ என் கையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாய்.

அந்தப் பாட்டு இல்லாமலே ஆல்பம் வெளிவந்தது. நாலைந்து கல்லூரிகளில் வாசித்தோம். பிறகு செல்வின் கத்தாருக்குப் போனான். நீ சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சரானாய், கிட்டாரைத் தொடவில்லை. நாம் சந்திக்கும்போதெல்லாம் எல்லாவற்றையும் பேசினோம், ஏழாவதைத் தவிர.

மூன்று வருஷத்துக்கு முன் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது ஒரு காலை நான் பார்க்க வந்தேன். பத்து மணி இருக்கும். உன் அம்மா கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தார். தலையில் முடி இல்லாமல், கழுத்து மெலிந்துபோய்க் கிடந்தாய். என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. அந்தப் பாட்டு... எங்கயாவது மிச்சம் உண்டுமா?"

கண்டுபிடித்துவிட்டாள், இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது, போகிற நேரத்தில் என்னை வெறுத்துவிட்டுத்தான் போவாள் என்று நினைத்தேன். "இல்லட்டி. அண்ணைக்கே அழிச்சாச்சு. ஒரு பொட்டு மிச்சம் இல்ல" என்றேன். அழுத்தமாகச் சொன்னேன், சந்தேகமே வராதபடி.

"செரி. நல்லது" என்றாய். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உனக்கு நிம்மதி என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கும் நிம்மதியாக இருந்தது, சீ! ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

நேற்று, சனிக்கிழமை, மாதிரிப் பிரதியையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். கடலைவிட்டுத் தள்ளிக் கட்டிக்கொடுத்த சுனாமிக் குடியிருப்பில் தனியாகத்தான் இருக்கிறார். கட்டஞ்சாயா போட்டுத் தந்தார். ஷைனியின் குரல் ஒரு பாட்டில் இருக்கிறது, ஊரறிய வெளியிடுவதா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, "போடு, கேப்போம்" என்றார்.

என் பேஸ் சொட்டத் தொடங்கியது. பிறகு ஷைனி கத்தினாள். உன் அம்மா அழுவார் என்று நினைத்துக் கையைப் பிடிக்கப் போனேன். அவர் லேப்டாப்பைப் பார்த்து ஏசினார். "பல்லுகூட தேய்க்காம கெடந்து கத்துதா பாரு!" அடுத்து அவள் சிரிப்பு வந்தபோதுதான் முகத்தை மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"பெரியவ ஆஸ்பத்திரில கெடக்கும்போ ஒரே சொல்லா சொல்லிக்கிட்டுக் கெடந்தா மக்கா. 'ஷைனிக்க சத்தம் எனக்கு மறந்துபோச்சும்மா, ஒனக்கு ஓர்ம உண்டா'ன்னு. எனக்கும் ஓர்ம இல்ல. மொகம் உண்டு, போட்டோ உண்டு, சத்தம் இல்ல. ஒரு தடவ கேட்டாப் போதும்னு ஏங்கிக் கெடந்தா." என் முகத்தைப் பார்த்தார். "இது ஒனக்கு இப்பதான் கெடச்சுதா மக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே வழி விட்டிருந்தார். ஆமாம் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தும்விட்டது.

"இல்லம்மா. அப்பவும் எங்கிட்டதான் இருந்துது. அவ கேட்டா. இல்லன்னு சொல்லிட்டேன்."

"ஏன் மக்கா?"

"அழிச்சாச்சுன்னு முன்னமே பொய் சொல்லியிருந்தேன். தெரிஞ்சா வெறுத்திருவான்னு பயந்துட்டேன்."

உன் அம்மா என்னை அடித்திருந்தாலும் பரவாயில்லை. "அவளா? ஒன்னயா வெறுப்பா?" என்று மட்டும் கேட்டார். சாயா கிளாசை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து, "இன்னொரு தடவ போடு" என்றார். ஆறு தடவை கேட்டோம். நான் கிளம்பும்போது சொன்னார். "எல்லாரும் கேக்கட்டு. ஆனா பிள்ள அலறுதான்னு எழுதாண்டாம், கேட்டியா? தெருவில உள்ளவங்கள வெள்ளம் எடுக்கக் கூப்பிடுதா. அப்படியே எழுதச் சொல்லு."

இன்று அருணிடம் அப்படியே சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான். ஷைனியின் பெயரை இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டான்.

நீ என்னைச் சோதிக்கக் கேட்கவில்லை. உன் தங்கையின் குரலை ஒரு தடவை கேட்க ஆசைப்பட்டுக் கேட்டாய். நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிய உன் முதுகுதான் இனி எந்நேரமும் என் கண்ணில் நிற்கப்போகிறது. அன்று மணி பத்துதான் ஆகியிருந்தது. உண்டு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மார்த்தாண்டத்தில் என் வீட்டுக்கு ஒரு பஸ், திரும்பி வர ஒரு பஸ். சாயங்காலத்துக்குள் நீ ஷைனியைக் கேட்டிருப்பாய்.