அடுப்படிச் சுவருக்கு எதை ஒட்டுவது

திருவொற்றியூர்
ஞாயிறு காலை

அன்பு மகள் மகிழினிக்கு அம்மா எழுதுவது.

நானும் உன் அப்பாவும் நல்ல பசியோடும் ஓரளவு தூக்கத்தோடும் இருக்கிறோம், அங்கே கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் நிலவனும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜூன் மாதம் நிலவனைக் கொண்டுவந்து மூன்று மாதம் எங்களிடம் விட்டுப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து உன் அப்பா நாட்காட்டியில் நாளுக்கு இரண்டு தாளாகக் கிழிக்கிறார், நான் ஒன்றை ஒட்டி வைக்கிறேன். உன்னிடம் போனில் சொல்லாத ஒரு செய்தி இருக்கிறது. சென்ற மாதம் நம் அடுப்படியில் தீப்பிடித்தது. பயப்படாதே என்று எழுதுவதுதான் முறை, ஆனால் நானே பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது உனக்கு மட்டும் அந்த உத்தரவைப் போட முடியவில்லை. யாருக்கும் காயமில்லை, அப்பாவின் இடது கையில் ரோமம் பொசுங்கியதோடு சரி.

நீ ஆன்லைனில் வாங்கி அனுப்பினாயே, அடுப்புக்குப் பின்னால் ஒட்டும் பளிங்கு மாதிரி ஸ்டிக்கர், பிடித்தது அதில்தான். உன்மேல் தப்பில்லை, இதை இரண்டு தடவை படி. எண்ணெய்க் கறை ஒரே துடைப்பில் போகிறது, வீடே பணக்கார வீடு மாதிரி இருக்கிறது என்று தெருவெல்லாம் பெருமை பேசியவள் நான். அது சுற்றி வந்த அட்டையின் பின்புறம் அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒட்டவும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததாம், எரிந்த பிறகு படித்தேன். நம் அடுப்படியில் அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளினால் பக்கத்து வீடு வந்துவிடும். அன்று சாயங்காலம் உன் அப்பா கானாங்கெளுத்திக் குழம்புக்குப் பெரிய சட்டியை ஏற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அகலச் சட்டி வைத்தால் தீ பக்கவாட்டில் புரண்டு சுவரைத் தொடும், துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டியவருக்கு இது தெரிந்திருக்கலாம், எனக்கும் தெரிந்திருக்கலாம்.

பிளாஸ்டிக் எரியும் வாடை வந்தது. இங்கேதான் மகிழினி என் அறிவு வேலை செய்தது. நம் பக்கத்தில் வாரம் இரண்டு நாள் அந்த வாடை வராமல் இருக்காது, தொழிற்சாலைக்காரர்கள் எதையோ திறந்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். வாயு கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளியில் பாடம் நடத்திய தலைமையாசிரியை அல்லவா, ஒரு படியைக்கூட விடவில்லை. சன்னல்களை அடைத்தேன், துண்டை நனைத்து உன் அப்பா மூக்கில் கட்டினேன். அடுப்படிக் கதவின் மேல்சந்தில் புகை கசிவதைப் பார்த்து, அடுப்படி எக்ஸாஸ்ட் காற்றாடி ஓட்டை வழியாக வெளிப்புகை உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்து, கதவை இழுத்துச் சாத்தி அடியில் ஈரச்சாக்கையும் திணித்தேன். அவர் துண்டுக்குள்ளிருந்து, "கொழம்பு அடுப்புல கீது ரமா" என்றார். கருகினால் கருகட்டும், உயிர்தான் முக்கியம் என்று சொல்லி உட்கார வைத்தேன். பிறகு தெரு வாட்ஸப் குழுவில் வாயுக் கசிவு, எல்லோரும் கதவைச் சாத்துங்கள் என்று தட்டிவிட்டேன். நாற்பது வீடு சாத்தியது. இரண்டு குடும்பம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பைக்கில் ராயபுரத்துக்குப் போய்விட்டது. என் சொல்லுக்குத் தெருவில் இவ்வளவு மரியாதை இருப்பது எனக்கே தெரியாது.

எங்களைக் காப்பாற்றியவள் என் பேச்சைக் கேட்காத ஒருத்திதான், எதிர்வீட்டு அடைக்கலமேரி. வாசலில் நின்று காற்றாடி ஓட்டையைப் பார்த்திருக்கிறாள், கறுப்புப் புகை உள்ளே போகவில்லை, வெளியே வந்துகொண்டிருந்தது. "டீச்சரே, கம்பெனி இன்னிக்கு உன் வூட்லதான் ஓடிக்கினு கீது, கதவத் தொற" என்று அவள் போட்ட சத்தத்தில்தான் எழுந்தோம். அடுப்படியைத் திறந்தால் ஸ்டிக்கர் பாதி சுவருக்கு உருகித் தொங்கி எரிகிறது, சொட்டுகிற ஒவ்வொரு சொட்டிலும் தீ. உன் அப்பா குனிந்து சிலிண்டரை மூடிவிட்டு, மூக்கிலிருந்த ஈரத்துண்டையே சுவரில் வைத்து அழுத்தினார். கேஸ் டியூப்பின் மேல்தோல் கொப்பளித்திருந்தது. இன்னும் எத்தனை நிமிடம் தாங்கியிருக்கும் என்று புது டியூப் மாட்ட வந்தவரைக் கேட்டேன், "அதெல்லாம் கேக்காத ஆயா" என்றார். மறுநாள் தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேர் மிகுந்த பணிவோடு வந்து எங்கள் ஆலையில் எந்தக் கசிவும் இல்லை என்று தெருவில் விளக்கினார்கள். இத்தனை வருடத்தில் அந்த வாக்கியத்தை நான் மறுக்க முடியாமல் கேட்டது அன்றுதான்.

பிறகு சுவருக்கு என்ன போடுவது என்று பத்து நாள் கடை கடையாக ஏறினேன், கைப்பையில் தீப்பெட்டியோடு. வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் தீயே பிடிக்காது என்று வேறொரு ஷீட்டைக் காட்டினார்கள், ஓரத்துண்டு கொடுங்கள் கொளுத்திப் பார்க்கிறேன் என்றதும் சாம்பிள் கொடுப்பதில்லை என்று சுருட்டி வைத்துவிட்டார்கள். டோல்கேட் பக்கம் டைல்ஸ் கடையில் ஜெபின் என்று ஒரு விற்பனையாளர், நல்ல பிள்ளை, கண்ணாடி போடச் சொன்னார். "வெடிச்சாக்கூட குத்தாது மேடம், கல்கண்டு மாதிரி கொட்டிடும்" என்றார். வெடிப்பதுவரை நான் யோசித்திருக்கவில்லை, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். உன் அப்பாவுக்கு எவர்சில்வர் தகடுதான் வேண்டும், "கப்பல் கிச்சன்ல இன்னா ஒட்டிகினு கீறான், வால்பேப்பரா" என்று வாதம். நம் கடற்காற்றில் எவர்சில்வர் கரண்டியே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கிறது. கடைசியில் கொத்தனார் அப்பாவு வந்து பழைய பிசினைச் சுரண்டி, பரண் வரைக்கும் வெள்ளை டைல்ஸ் ஒட்டினார், டியூப்பைச் சுவரிலிருந்து விலக்கி மேடைக்குக் கீழே ஓடவிட்டார். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்கிறார் உன் அப்பா. கரி பிடித்தால் அன்றே தெரிய வேண்டும், அதனால்தான் வெள்ளை. அடுப்பு எரியும்போது இப்போதெல்லாம் ஒருவர் அங்கேயே நிற்கிறோம், நான் அவ்வப்போது சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன்.

சுவர் முடிந்தது, பயம் முடியவில்லை. போன புதன்கிழமை மறுபடியும் வாடை வந்தது. அவர் "அடுப்பப் பாரு" என்கிறார், நான் சன்னல் என்கிறேன், இரண்டு பேரும் கூடத்தின் நடுவில் நின்றோம். முதலில் அடுப்படிக்கு ஓடினோம், டியூப்பை மோந்தோம், சுவரைத் தடவினோம், எல்லாம் சரியாக இருந்தது. அன்று வந்தது நிஜமாகவே வெளியிலிருந்து. நாங்கள் அடுப்பைச் சோதித்து முடிப்பதற்குள் திறந்திருந்த சன்னல் வழியாக வீடு நிறைந்துவிட்டது, இரண்டு நாள் இருமினோம். சன்னலைச் சாத்தினால் உள்ளே எரியலாம், திறந்தால் வெளியிலிருப்பது வரலாம், எது என்று சொல்ல வேண்டிய என் மூக்கு அறுபத்து மூன்று வயதில் என்னைக் கைவிட்டது. தீப்பிடித்த அந்த முதல் நாளைப் பற்றி ஒன்று சொல்லவில்லை. நிலவன் அன்று இங்கே இருந்திருந்தால் அவனை எங்கே வைத்திருப்பேன் என்று யோசித்தேன். தெருப்பக்கம் சன்னல் இல்லாத அறையில்தான் வைத்திருப்பேன், பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. நம் வீட்டில் அது அடுப்படியை ஒட்டிய சின்ன அறை. பத்திரமாக இருக்கட்டும் என்று கதவையும் சாத்தியிருப்பேன்.

ஆகவே ஜூனில் அவனை இங்கே அனுப்பாதே. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மூச்சு முட்டுவதைச் சொல்லத் தெரியாது, எனக்கு எந்தக் கதவைத் திறப்பது என்று தெரியாது. விசா கிடைத்தால் நாங்கள் அங்கே வருகிறோம், அவர் குளிர் தாங்க மாட்டார், தாங்கட்டும். அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் சண்டையில்லாமல் நூறு வருடம் இருங்கள், நிலவன் நல்ல மூச்சோடு வளரட்டும். உன் வீட்டு அடுப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே தொட்டுப் பார்த்து எழுது. இதைப் படித்ததும் நீ போன் செய்வாய், அவர் பக்கத்தில் இருப்பார், பிள்ளையின் முகம் திரையில் தெரியும், அப்போது நான் எல்லாம் சரியாகிவிட்டது கூட்டிக்கொண்டு வா என்றுதான் சொல்வேன். அதைக் கேட்காதே. இந்தக் கடிதம் சொல்வதைக் கேள்.

ஜெய்பீம்.

உன் அம்மா
ரமாபாய் ஜெயவேல்