இடது முட்டிக்கு ஒரு தேங்காய்

ஜூன் 12, வியாழன்

வகுப்பு முடிந்து பழவங்காடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது டாக்டர் ஸ்ரீஜித் போன் செய்தார். கோட்டைக்குப் பின்னால் சின்னதாக ஆயுர்வேத ஆஸ்பத்திரி வைத்திருக்கிறாரே, அவர்தான். "டீச்சரே, ஒரு ஜெர்மன் பேஷன்ட் வருது. பந்து களிக்கிற ஆளு. மூணு வாரம் மொழிபெயர்க்க நீங்க வரணும்."

நர்ஸ் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிப் பதினோரு வருஷம். ஒரு ஜெர்மன்காரரோடு இதுவரை ஒரு நாள் முழுக்கப் பேசியதில்லை. சரி என்றேன்.

வீட்டுக்காரர் லிங்கராஜுக்கு ஒரே சிரிப்பு. "நாப்பத்தஞ்சு வயசுல ஃபுட்பாலா? ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமாட்டி?"

தெரியாது. தேடிப் படித்தேன். இப்போதும் தெரியாது.

ஜூன் 16, திங்கள்

வந்துவிட்டாள். வீப்கே ஹான்சன். முப்பத்திரண்டு வயது. முன்வரிசையில் நின்று கோல் அடிக்கிறவள். முதல் லீக்கில் ஐந்து வருஷம் ஆடியிருக்கிறாள், இப்போது இரண்டாம் லீக்கில். இடது முட்டியில் தசைநார் இரண்டு முறை கிழிந்து இரண்டு ஆபரேஷன். இன்னும் வீங்குகிறது. ஜூலை பத்தாம் தேதி அணியின் பயிற்சி முகாம். அங்கே ஓடிக் காட்டினால்தான் இந்த வருஷம் களத்தில் அவளுக்கு இடம்.

எண்ணெய் தேய்க்கிற தாசம்மாள் அக்கா விதுரைக்காரி. பெயரைக் கேட்டுவிட்டு, "நமக்கு நாக்கு வழங்காது. நான் விபான்னு விளிக்கேன்" என்றாள். வீப்கேயும் தலையாட்டிவிட்டாள்.

எண்ணெய், மருந்துக் கிழி ஒத்தடம், கஷாயம், பகலில் தூங்கக்கூடாது, குளிர்ந்த தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். எங்கும் தட்டவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 21

வீப்கே கஷாயக் குப்பிகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி எனக்கு ஆஃப்சைடு சொல்லிக்கொடுத்தாள். தாசம்மாள் அக்கா கத்தினாள்: "குப்பிய நகத்தாத, அது நாளைக்குள்ளது!" ஆஃப்சைடு புரிந்துவிட்டது.

ஜூலை 4, வெள்ளி

எப்படி எழுதுவது இதை.

காலையில் அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிறோடு சிகிச்சை முடிகிறது, திங்களன்று விமானம். தாசம்மாள் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எங்கோட்டு போவுது இந்தப் புள்ள?"

"ஊருக்குத்தான் அக்கா. வியாழக்கிழமை முகாம்."

"ஓடவா? நல்லிருக்கை இருக்கண்டாமா டீச்சரே? இப்பப் போயி ஓடினா நான் தேச்சதெல்லாம் வெள்ளத்துலல்லா போவும்!"

நல்லிருக்கை. சிகிச்சை எத்தனை நாளோ அத்தனை நாள் அப்புறமும் பத்தியம், ஓய்வு. ஓட்டமும் கூடாது, பயணமும் கூடாது. இந்த ஊரில் பிறந்த யாரும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. முதல் நாள் டாக்டரும் "பின்னே பதிவுபோல" என்றுதான் முடித்தார். நானும் 'பிறகு வழக்கம்போல' என்று சொல்லிவிட்டேன்.

வழக்கம்போல! யாருக்கு வழக்கம்? அவ எந்த ஊர்க்காரி? மண்டையில என்னதான் வச்சிருந்தேன் நான்?

சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த சட்டையை வீப்கே அப்படியே வைத்தாள். "ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

எல்லாருக்கும் தெரிந்தது என்று நினைத்துவிட்டேன் என்றேன். சொல்லும்போதே அசிங்கமாக இருந்தது.

டாக்டர் ஓடி வந்தார். "தெற்று எனக்குள்ளது டீச்சரே. நானுமல்லவா பறயாம விட்டது." பாதிப் பாரத்தை அவர் வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷன். மற்றப் பாதி இங்கேதான் இருக்கிறது.

ஜூலை 5

பயிற்சியாளரோடு மழையில் வராந்தாவில் நின்று வெகுநேரம் பேசினாள். மெதுவாக வா, ஆனால் முகாமில் உன் இடத்தில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியைப் போட்டுப் பார்ப்பேன், உனக்காக இடம் காத்திருக்காது என்றாராம்.

"இருக்கப் போகிறேன்" என்றாள்.

ஏனென்று நான் கேட்குமுன் அவளே சொன்னாள்: "இரண்டு தடவை அவசரப்பட்டேன். இரண்டு தடவையும் கிழிந்தது. உங்களுக்காக இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்." சிரித்தாள். இன்று அந்தச் சிரிப்பு போதும் எனக்கு.

அவள் பழையபடி ஓடினால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டேன். அதைச் சொன்னதும் பேரம் பேசினாள். "ஓட்டத்துக்கு எதற்குத் தேங்காய்? ஓட எல்லாருக்கும் தெரியும். கோலுக்கு உடையுங்கள்."

நேர்ச்சையை மாற்றலாமா? பிள்ளையார் ஒன்றும் நினைக்கமாட்டார். கோல் என்றே இருக்கட்டும்.

ஜூலை 15, செவ்வாய்

அறையிலேயே இருந்து சலித்துப்போனது என்று என் வகுப்புக்கு வந்தாள். பிள்ளைகளுக்கு இன்று நேர்முகத் தேர்வுப் பயிற்சி. வேலை கேட்கிற நாற்காலியில் வீப்கேயை உட்கார்த்திவைத்துக் கேள்வியை அவர்கள் கேட்டார்கள்.

"உங்கள் பலவீனம் என்ன?"

"இடது முட்டி."

வகுப்பே சிரித்தது. அடுத்து அனுஷா எழுந்தாள். களியக்காவிளைப் பிள்ளை, எப்போதும் புத்தகத்துக்கு வெளியேதான் கேட்கும். "விளையாட முடியாமல் போனால் நீங்கள் யார்?"

நான் தடுக்கப் போனேன். வீப்கே வேண்டாமென்று கை காட்டினாள்.

ஆறு வயதில் பந்து. ஊரில் பெண்களுக்கு அணி இல்லை, பையன்களோடுதான் ஆட்டம், உடை மாற்ற விளக்குமாறு வைக்கிற அறை. பத்தொன்பதில் முதல் லீக், இரண்டாவது ஆட்டத்திலேயே கோல். இருபத்தாறு வரைக்கும் காலையில் தபால் பிரிக்கிற வேலை, சாயங்காலம் பயிற்சி. ஒரே ஒரு தடவை நாட்டின் அணிக்குக் கூப்பிட்டார்கள். கோட்டுக்கு வெளியே ஆட்டம் முழுக்க ஓடி ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டே இருந்தாளாம். உள்ளே அனுப்பவில்லை. "பெயர் போட்ட அந்தச் சட்டை அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. துவைக்கவே இல்லை. அழுக்கானால்தானே?"

பிறகு அனுஷாவைப் பார்த்து, "யார் என்று தெரியவில்லை. இந்த ஊரில் ஒரு மாதமாக விபா. அது கஷ்டமாக இல்லை" என்றாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தச் சட்டைதான். நானும் எத்தனை பிள்ளைகளைச் சூடாக்கி அனுப்பிவிட்டேன். அந்த நாட்டை ஒரு தடவை பார்த்ததில்லை. வருத்தமா? இன்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. அந்த நாடே வந்து என் வகுப்பில் உட்கார்ந்திருந்தது.

ஜூலை 28

போய்விட்டாள். தாசம்மாள் அக்கா கொடுத்துவிட்ட எண்ணெய்க் குப்பியை மூன்று துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். "முட்டிய பத்திரமா சூட்சிச்சுக்கோ, கேட்டியா" என்று அக்கா அவளிடம் தமிழிலேயே சொன்னாள். மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

போனில் ஆட்டம் பார்த்தோம். கடைசிக் கால்மணி நேரம் வீப்கேயை இறக்கினார்கள். ஓடினாள்! கோல் இல்லை. அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் இரண்டு அடித்தாள். முதலில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தது வீப்கேதான். லிங்கராஜ் ஒருமுறை "ஆஃப்சைடு!" என்று கத்தினார். இல்லை என்று நான் விளக்கினேன்.

நவம்பர் 11

ஆஸ்பத்திரிக்கு ஒரு ஜெர்மன் தாத்தா வந்திருக்கிறார். வணக்கம் சொன்ன கையோடு நல்லிருக்கையைச் சொன்னேன். டாக்டர் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

ஜனவரி 24

அனுஷா ஜெர்மனியில் போய் இறங்கினாள். வேலை கிடைத்த ஆஸ்பத்திரி வீப்கேயின் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ஸ்டேஷனில் கையில் கம்பளிக் கோட்டோடு வீப்கே நின்றிருந்தாளாம். "டீச்சர், கோட்டு முட்டுக்குக் கீழ வரைக்கும் தொங்குது" என்று குரல்செய்தி அனுப்பியிருக்கிறது பிள்ளை.

வீப்கேயும் எழுதியிருக்கிறாள். மே மாதத்தோடு ஆட்டத்தை விடுகிறாளாம். இதுவரை கோல் இல்லை. 'தேங்காய் முற்றிப்போயிருக்கும், மன்னிக்கவும்.'

அழவில்லை. பிள்ளையாரை மட்டும் கொஞ்சம் முறைத்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

கோல்!!

மார்ச் 23, திங்கள்

நேற்று அந்த ஒரு வார்த்தைக்கு மேல் எழுத ஓடவில்லை. மூலையிலிருந்து வந்த பந்து. அவள் உதைக்கவே இல்லை. கூட்டத்துக்குள் யார் மேலோ பட்டுத் திரும்பி, அவள் இடது முட்டியில் இடித்து உள்ளே போய்விட்டது. இவ்வளவு அவலட்சணமான கோலை நான் பார்த்ததில்லை. பார்த்ததே ஐந்தாறு ஆட்டம்தான், அது வேறு. கேலரியில் "விபா! விபா!" என்று ஒரே ஒரு குரல் கேட்டது. அனுஷா.

காலையில் பழவங்காடி. தேங்காய் ஒரே எறியில் சிதறியது.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. தாசம்மாள் அக்கா கிழி கட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"எந்தக் காலு?"

"இடது. முட்டி."

எண்ணெய்க் கையை முண்டில் துடைத்தாள். "அப்போ பாதி கோல் எனக்குள்ளதல்லே டீச்சரே?"

வீப்கே அனுப்பியிருந்ததை அப்போதுதான் எடுத்தேன். 'தாசம்மாளிடம் சொல்லுங்கள்: கோல் அடித்தவர் என்று என் பெயரை எழுதியிருக்கிறார்கள். தவறு. அது முழுக்க அவருடையது.'

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.