டீச்சர் தூங்கவில்லை என்று எப்படிச் சொல்வது

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். இங்கே நானும் பாப்பாவும் காய்ச்சல், இருமல் எதுவும் இல்லாமல் இருக்கிறோம். வேறு நல்ல செய்தி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் பேசினால் பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். காது கேட்காத பிள்ளைக்கு முகம்தானே எல்லாம்! நான் எதை மறைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறாள். எழுதினால் துணி தைக்கிற அளவு குறிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள்.

கம்பெனி ஏஜென்டைப் போய்ப் பார்த்தேன். ஒப்பந்தம் முடிந்த ஆளை இன்னும் ஏன் கப்பலிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "எந்தத் துறைமுகத்துலயும் ஆளை இறக்க விடமாட்டேங்கிறாங்கம்மா, நாங்க என்ன பண்றது" என்று கையை விரித்துவிட்டார். கப்பலுக்குச் சாமான் ஏற்றிப் போகும் படகில் இந்தக் கடிதத்தைச் சேர்த்துவிடுவதாக மட்டும் சொன்னார். சொன்னபடி செய்வார் என்று நம்புகிறேன்.

ஊரடங்கில் கடையை மூடியதிலிருந்து தையல் மெஷினை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். சட்டை, கவுன் என்று யாரும் தைக்கக் கொடுப்பதில்லை. எல்லாம் முகக்கவசம்தான். ஊரார் வாயை மூடவேண்டும் என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்களே, இப்போது நானே தைத்து மூடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பாப்பா உதட்டைப் பார்த்துக் கொஞ்சம் புரிந்துகொள்வாள் இல்லையா, அதுவும் போயிற்று. ஒரு கவசத்தில் வாய்ப்பக்கம் வெட்டி, கண்ணாடித்தாள் வைத்துத் தைத்துப் பார்த்தேன். மூச்சுப் பட்டதும் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. கீழ்வீட்டு பிளம்பர் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு மீன் மாதிரி வாயைப் பிளந்து காட்டினார். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

பள்ளியிலிருந்து பெற்றோருக்கெல்லாம் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடப்பதால் அவர்களோடு மனம்விட்டுப் பேசுங்கள், பயம் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று. நான் எந்தக் கையால் பேசுவது? பெற்றோருக்கு நடத்திய சைகை வகுப்புக்கு லீவில் வரும்போதெல்லாம் நீங்கள்தான் போனீர்கள். எனக்குத் தெரிந்தது வா, சாப்பிடு, குளி, தொடாதே, தூங்கு. ஒரு நாய்க்குட்டி வளர்க்க இது போதும். ஏழு வயதுப் பெண்ணுக்கு?

டீச்சர் இருந்தவரை எப்படியோ சமாளித்தேன். காலையில் போனில் வீடியோ வகுப்புக்கு வருவார். பாப்பா தானே தலையை வாரிக்கொண்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் பார்க்கவேண்டும், இரண்டு கையும் பறக்கும். என் மகள் இப்படி ஒரு வாயாடி என்று அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரியும். மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இனி எழுதுவதைக் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள். டீச்சர் இறந்துவிட்டார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம், திரும்பி வரவில்லை. தலைமை ஆசிரியை போன் செய்து அழுதார். "பசங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியலம்மா. உங்க பொண்ணுகிட்ட நீங்களே பாத்துச் சொல்லிடுங்க" என்றார். பள்ளி திறந்தாலும் சைகை தெரிந்த இன்னொருவர் கிடைப்பாரா என்று கேட்டேன். இன்னும் பல வீட்டுக்குச் சொல்லவேண்டும் என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் வகுப்பு நேரத்துக்குப் பாப்பா போன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவது போல விரலை வைத்தாள். டீச்சருக்கு வகுப்புப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் அது. எங்கே என்று கேட்டாள். இறந்துவிட்டார் என்பதற்கு எனக்குச் சைகை தெரியாது. தெரிந்த அந்த ஐந்து வார்த்தைக்குள் துழாவினேன். கடைசியில் கன்னத்தில் கையை வைத்துச் சாய்ந்து, தூங்குகிறார் என்று காட்டிவிட்டேன். எப்போது எழுந்திருப்பார் என்று கேட்டாள். எழுந்திருக்க மாட்டார் என்று தலையை ஆட்டினேன்.

அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். இப்போது படுக்க வைத்தால் இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். ஒருநாள் மதியம் அசதியில் தரையிலேயே தலை சாய்த்தேன். மேலே ஏறி உட்கார்ந்து, கன்னம் எரிய எரிய அறைந்து எழுப்பினாள். தூக்கக் கலக்கத்தில் அவளைத் தள்ளிவிட்டேன். அவள் அலறிய அலறலில் பிளம்பர் படியேறி ஓடிவந்தார்.

பாவம், அவரும் யோசித்து, செத்த வண்டு ஒன்றைக் காகிதத்தில் எடுத்து வந்தார். "இதக் காட்டிச் சொல்லுங்கம்மா, புரிஞ்சுக்குவா" என்றார். கண்ணாடியைத் தள்ளிக் காட்டினேன், பிறகு வண்டைக் காட்டினேன். பாப்பா அதைத் தொட்டுப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காலைத் தூக்கித் தரையில் மிதித்துக் காட்டி, யார் என்று கேட்டாள். டீச்சரை யார் மிதித்தது என்று கேட்கிறாள்! இல்லை, இல்லை என்று கையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? பிளம்பர் வண்டை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்பதில்லை. கை இரண்டும் மடியில் கிடக்கின்றன. பசித்தால் தட்டைக் காட்டுகிறாள். மற்ற நேரமெல்லாம் நான் எங்கே போனாலும் என் துணியைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். பள்ளியில் கற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அவளை விட்டுப் போகிறது. என் கண் முன்னாலேயே போகிறது. எனக்குத் தடுக்கத் தெரியவில்லை.

போன வாரம் நீங்கள் கூப்பிட்டபோது பாப்பா எங்கே, ஏன் ஓடினாள் என்று கேட்டீர்கள். குளிக்கப் போனாள் என்று பொய் சொன்னேன். உங்கள் கப்பல் நிற்கிற இடத்தில் சிக்னல் சரியில்லையே, பேசிக்கொண்டே இருக்கும்போது படம் உறைந்துவிட்டது. உறைந்த நேரத்தில் உங்கள் கண் மூடியிருந்தது. அவள் உங்கள் முகத்தைத் தட்டினாள், திரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். அன்றிலிருந்து அந்தப் போனைத் தொடுவதில்லை. அப்பாவுக்கு இவள் வைத்த பெயர், மீசையை முறுக்குவாளே, அதையும் செய்வதில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். இறந்துபோவது என்பதை எப்படிக் காட்டவேண்டும் என்று படம் வரைந்து அனுப்புங்கள். கை எந்தப் பக்கம் திரும்பவேண்டும், விரல் எப்படி மடங்கவேண்டும் என்று எனக்குப் புரிகிற மாதிரி வரையுங்கள். அதோடு இதையும் வரைய முடியுமா பாருங்கள்: அப்பா தூங்கவில்லை, சாகவும் இல்லை, ஆனால் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. இதற்கெல்லாம் சைகை இருக்கிறதோ இல்லையோ.

கப்பல் இன்ஜின் ரூம் சூட்டில் நிறையத் தண்ணீர் குடியுங்கள். கூட இருக்கிறவர்களோடு சண்டை வேண்டாம். கடலும் காற்றும் உங்களை ஒன்றும் செய்யாமல் விடட்டும்.

படத்தோடு உங்கள் போட்டோ ஒன்றும் வைத்து அனுப்புங்கள். எடுக்கும்போது கண்ணை நன்றாகத் திறந்து வையுங்கள்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா