பொக்கே வீடியோவுக்குக் கீழே

அன்பின் யூஜினாவுக்கு,

வத்தளையில் உன் அண்ணா வீட்டில் நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் அழைத்தால் அண்ணாதான் போனை எடுத்து, "அவ குளிக்கிறா" என்கிறார். எந்த நேரமும் குளிக்கிறாய் போலிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் நம் பூக்கடை நடக்கிறது. கடைக்காக வீடியோ போடுவதையும் நான் நிறுத்தவில்லை. முன்பு போனைப் பிடித்தவன் நான், பூக்கட்டியவை உன் கைகள். இப்போது போனை ரோஜா வாளியில் சாய்த்து வைத்துவிட்டு நானே கட்டுகிறேன். பார்க்கிறவர்கள் விடுவார்களா? "அந்த அக்கா எங்க? அவவின்ர கைதான் வடிவு" என்று கீழே எழுதுகிறார்கள்.

போன கிழமை ஒரு கலியாணப் பொக்கே கட்டிக் காட்டினேன். பெயரும் படமும் இல்லாத யாரோ ஒருவர் அதன் கீழே எழுதியிருந்தார்: "காம்பைத் தண்ணிக்குள்ள வச்சு வெட்டோணும். எத்தனை தரம் சொல்லுறது?"

கடையில் தனியாக நின்று சிரித்தேன். முன்பின் தெரியாத ஒருவர் "எத்தனை தரம்" என்று கேட்பாரா? பிறகு கதவைச் சாத்திவிட்டு அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

தண்ணீருக்குள் வைத்து வெட்ட எனக்கு இப்போது நன்றாகவே பழகிவிட்டது. விற்கிற பூவையெல்லாம் அப்படித்தான் வெட்டுகிறேன். வீடியோவில் மட்டும் இனியும் வெளியில் வைத்தே வெட்டுவேன். நீ ஏசிக்கொண்டே இரு.

கடையிலிருந்து,
உன் மனுசன்